அரிசி மூட்டையும் தண்டவாளமும்: போரைச் சுமந்த பேராக் தோட்டங்கள்

ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்க்காத பேராக் தமிழர் இருக்க முடியாது. 1917இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை ஊர்மக்கள் 'ஈப்போவின் தாஜ்மகால்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றுப்பயணிகள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால், 1942க்கும் 1943க்கும் இடையில் இந்தத் தண்டவாளத்தின் வழியே வடக்கு நோக்கிப் போன சரக்கு வண்டிகளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அரிசியும் உப்பும் ஏற்ற வேண்டிய மூடிய பெட்டிகளில் அப்போது ஏற்றப்பட்டவர்கள் மனிதர்கள். பால்மரம் சீவிய கைகள், களை வெட்டிய கைகள், பிள்ளையைத் தூக்கிய கைகள். ஒரு படைக்குச் சோறும் குண்டும் கொண்டு சேர்க்க ஒரு பாதை தேவைப்பட்டது. அந்தப் பாதையைப் போட அவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள்.

போர் வரலாறு என்றாலே நமக்குத் தளபதிகளும் பீரங்கிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. யார் சுட்டார், யார் வென்றார் என்று கேட்கிறோம். அந்த வீரனுக்கு அன்று காலை சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் பேராக் தோட்டத் தமிழர்களின் கதை போர் வரலாற்றுக்குள் வருகிறது. கேட்காவிட்டால் அவர்கள் அதில் இல்லவே இல்லை.

கடல் தாண்டும் படைக்குப் பின்னால்

சொந்த நாட்டில் நின்று போரிடும் படைக்கு ஊர் இருக்கிறது, சந்தை இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது. கடல் தாண்டிப் போகும் படைக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அது தின்னும் அரிசி, குடிக்கும் தண்ணீர், போடும் மருந்து, ஊற்றும் பெட்ரோல், சுடும் தோட்டா எல்லாமே பின்னாலிருந்து போய்ச் சேர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிவிஷனில் 15,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உணவு என்றால் நாளொன்றுக்கு 15 டன். இது வெறும் சாப்பாடு. வெடிமருந்தும் எரிபொருளும் இதில் சேரவில்லை. ஒரு நாள் லோரி வராவிட்டால் முணுமுணுப்பு எழும். மூன்று நாள் வராவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்பு.

இதற்காகவே எல்லா நாட்டுப் படைகளிலும் வழங்கல் பிரிவுகள் உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இந்த வேலையைச் செய்தது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிவு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய மண்ணில் முதலில் கால்வைத்த இந்தியப் படையினர் யார் தெரியுமா? துப்பாக்கிப் படையினர் அல்லர், இந்த வழங்கல் பிரிவின் கோவேறு கழுதைக் கம்பெனிகள். பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் படைக்குச் சாமான் சுமப்பதற்காக 1939 டிசம்பரில் நான்கு கம்பெனிகள் மார்செய் துறைமுகத்தில் போய் இறங்கின. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. மற்றவர்கள் கழுதைகளை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறித் தப்பினார்கள். டன்கர்க் வெளியேற்றத்தைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. அவற்றில் இந்தக் கழுதைக்காரர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்னால் நிற்பவனுக்குப் பதக்கம், பின்னால் சுமப்பவனுக்கு மறதி என்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். பேராக்கில் அது இன்னும் கொடுமையான வடிவம் எடுத்தது.

கம்பாரில் நின்ற படை

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கின. தளபதி யாமாஷிதாவின் 25ஆவது சேனை மேற்குக் கரைச் சாலை வழியாகத் தெற்கு நோக்கிப் பாய்ந்தது. அதைத் தடுக்க நின்றது 11ஆவது இந்திய டிவிஷன். கெடாவின் ஜித்ராவில் நடந்த முதல் மோதலிலேயே அது சிதறிப் பின்வாங்கியது.

பின்வாங்கும்போது விட்டுவிட்டு வந்தவைதான் முக்கியம். வாகனங்கள், டின் உணவு, வெடிமருந்து, அலோர் ஸ்டார் விமானத் தளத்தில் எரிபொருள் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஜப்பானியர் கையில் சிக்கின. ஜப்பானியச் சிப்பாய்கள் அவற்றுக்குக் கேலியாக 'சர்ச்சில் ரேஷன்' என்று பெயர் வைத்தார்கள். எதிரி விட்டுப்போன சோற்றைத் தின்று, எதிரியின் பெட்ரோலை ஊற்றி, எதிரியைத் துரத்தினார்கள்.

பேராக் ஆற்றைத் தாண்டிய பிரிட்டிஷ் தரப்பு, ஈப்போவையும் கைவிட்டு, அதற்குத் தெற்கே கம்பாரில் நின்றது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அங்கே நடந்த சண்டை, மலாயாப் போரில் ஜப்பானியருக்குக் கிடைத்த முதல் பெரிய தடை. ஒரு பக்கம் காடு மூடிய மலை, மறுபக்கம் ஈயச் சுரங்கங்கள் தோண்டிய திறந்த வெளி. பீரங்கிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஜித்ராவில் நொறுங்கிப்போன லெஸ்டர், ஈஸ்ட் சர்ரே என்ற இரு பட்டாளங்களை ஒன்றாக்கி ஈப்போவில் உருவாக்கிய 'பிரிட்டிஷ் பட்டாலியன்' அங்கே நின்றது. அதனுடன் இந்திய வீரர்களும் நின்றார்கள். 8ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து இழந்த மேட்டை மீட்டார்கள்.

ஆக, கம்பாரில் படை தோற்கவில்லை. பிறகு ஏன் பின்வாங்கியது? ஜப்பானியர் ஒரு பகுதிப் படையைப் படகுகளில் ஏற்றி, கடலோரமாகச் சுற்றி, தெலுக் அன்சோன் பக்கம் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்றைய தெலுக் இந்தான்தான் அது. அங்கிருந்து உள்நாட்டுச் சாலையை வெட்டிவிட்டால் கம்பாரில் நிற்பவர்களுக்கு அரிசி மூட்டையும் வராது, குண்டுப் பெட்டியும் வராது. ஆகவே ஜனவரி 2 இரவு அவர்கள் நகர்ந்தார்கள். அந்தப் படகுகளில் ஒரு பகுதி, பினாங்கைக் கைவிட்டபோது அழிக்காமல் விட்டுவந்த படகுகள் என்பதுதான் இதில் உள்ள கசப்பு.

ஐந்து நாள் கழித்து, ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் 11ஆவது டிவிஷனின் முதுகெலும்பை முறித்தன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

சைக்கிளும் பாலமும்

ஜப்பானியரின் வேகத்துக்கு ஒரு காரணம் சைக்கிள். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சைக்கிளில் வந்தார்கள். டயர் பஞ்சரானால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தோடு ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோல் கேட்டதாக எதிர்த்தரப்பினர் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சி போட்டுவைத்த நல்ல தார்ச்சாலைகள், ரப்பரையும் ஈயத்தையும் துறைமுகத்துக்கு அனுப்பப் போட்ட சாலைகள், இப்போது படையெடுப்புக்கு உதவின.

இன்னொரு காரணம் பொறியாளர் பிரிவுகள். பின்வாங்கும் படை பாலங்களை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டே போனது. தொடர்ந்து வந்த ஜப்பானியப் பிரிவுகள் அவற்றைச் சரிசெய்துகொண்டே வந்தன. மலாயா முழுவதும் 250 பாலங்களுக்கு மேல் செப்பனிட்டதாக ஜப்பானியர் கணக்குச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்து மரக்கட்டையும், பக்கத்துக் கம்பத்து ஆட்களும் அந்த வேலைக்கு இழுக்கப்பட்டார்கள்.

இப்படி ஒரு குணம் அந்தப் படைக்குள் ஊறிவிட்டது. கொண்டுபோவது குறைவு, போகிற இடத்தில் எடுத்துக்கொள்வது அதிகம். மலாயாவில் 70 நாளில் போர் முடிந்துவிட்டதால் அந்தக் குணம் வெற்றி தந்தது. பர்மாவில் அதுவே அவர்களுக்கு எமனாக வந்தது. நடுவில் அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் மக்கள்.

பர்மாவுக்கு ஒரு பாதை

1942 மத்தியில் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டார்கள். பிடித்ததைக் காக்கவும், அங்கிருந்து இந்தியா மீது பாயவும், அங்குள்ள சேனைக்கு ஓயாமல் சாமான் போக வேண்டும். கப்பலில் அனுப்பலாம். ஆனால், மலாக்கா நீரிணையைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல்வழியில் நேசநாட்டு நீர்மூழ்கிகளின் ஆபத்து. அந்த ஆண்டு ஜூன் மாதம் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. கடலை நம்ப முடியாது என்ற நிலை வந்தது.

அப்படியானால் தரைவழி. தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை, மலையும் காடும் ஆறும் குறுக்கிட்ட 415 கிலோமீட்டர் நிலத்தில் ரயில் பாதை. பிரிட்டிஷார் முன்பே இந்த வழியை யோசித்து, செலவும் நோயும் அதிகம் என்று கைவிட்டிருந்தார்கள்.

இந்த வேலையை ஏற்றவை ஜப்பானியச் சேனையின் இரண்டு ரயில்வே ரெஜிமெண்டுகள். பர்மா முனையிலிருந்து 5ஆவது ரெஜிமெண்ட், தாய்லாந்து முனையிலிருந்து 9ஆவது ரெஜிமெண்ட். சண்டையிடும் படைக்குப் பின்னால் நின்று பாதை போடும் பிரிவுகள் இவை. இவற்றுக்குப் பொறியாளர் உண்டு, அளவைக்காரர் உண்டு. ஆனால் மண்வெட்ட ஆள் போதாது, இயந்திரமும் அதிகம் கிடையாது. தண்டவாளத்துக்கு மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையையே பெயர்த்து எடுத்தார்கள். ஆளுக்கு எங்கே போவது?

முதலில் போர்க் கைதிகள். சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சிறைப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள் 60,000 பேருக்கு மேல் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். அதுவும் போதவில்லை. 1943 தொடக்கத்தில் பாதையைச் சீக்கிரம் முடிக்க உத்தரவு வந்தது. ஜப்பானிய அதிகாரிகளின் கண் மலாயாவின் தோட்டங்கள் மேல் விழுந்தது.

பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயர்கள்

அப்போது தோட்டங்களின் நிலை என்ன? வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள், அல்லது சிறையில் கிடந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தை அடைபட்டுப் போனது. மலாயா தந்த அளவு ரப்பர் ஜப்பானுக்குத் தேவைப்படவில்லை. மரம் நின்றது, பால் இருந்தது, வாங்க ஆளில்லை. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கித் தின்ற நாடு. கப்பல் நின்றதும் அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடாயிற்று. வாழை மரம் அச்சடித்த ஜப்பான் காசுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. துணி இல்லாமல் கோணியைச் சுற்றிக்கொண்டவர்கள் கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பசியின் நடுவே வந்தது அழைப்பு. சயாமில் வேலை, மூன்று மாதம்தான், நாளொன்றுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம், சாப்பாடு இலவசம் என்றார்கள். முதலில் சிலர் நம்பித்தான் போனார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. மூன்று மாதம் கழிந்தது, ஆறு மாதம் கழிந்தது, போனவர்கள் திரும்பவில்லை. அதன்பிறகு யாரும் போகத் தயாராக இல்லை.

அப்போதுதான் பலவந்தம் தொடங்கியது. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேர் தர வேண்டும் என்று கணக்கு வந்தது. கிராணிமார் பட்டியல் எழுதினார்கள், கங்காணிமார் ஆளைக் காட்டினார்கள். எதிர்த்தால் அவர்களுக்கே அடி. சில இடங்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே லோரியில் ஏற்றினார்கள். கள்ளுக்கடையில் இருந்தவர்களை, சாலையில் நடந்தவர்களை, உடுத்திய துணியோடு பிடித்தார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை.

காலங்காலமாக அதிகாலைப் பெரட்டுக் களத்தில் கூலிக்காகக் கூப்பிட்ட பெயர்கள், இப்போது லோரிக்காகக் கூப்பிடப்பட்டன. அதே செக்ரோல், அதே பெயர்கள். தோட்ட நிர்வாகம் வசதிக்காக வைத்திருந்த ஆள் கணக்கு, ஒரு படைக்கு ஆள் பிடிக்கும் கருவியாக மாறிவிட்டது. இந்த விஷயத்தை நம் வரலாற்றுப் பேச்சில் யாரும் அதிகம் தொடுவதில்லை. பட்டியல் எழுதியவர்களும் நம்மவர்கள், பட்டியலில் இருந்தவர்களும் நம்மவர்கள் என்பதாலோ என்னவோ.

சாமான் கணக்கில் மனிதர்கள்

சரக்கு வண்டியில் அடைபட்டு, நாள் கணக்கில் பயணம் செய்து பான் போங் சேர்ந்தவர்கள், அங்கிருந்து காட்டுக்குள் நடந்தார்கள். மலையைப் பிளக்க வேண்டும், மண்ணைக் கூடையில் அள்ளிக் கரை கட்ட வேண்டும், மரம் வெட்டிப் பாலம் போட வேண்டும். 1943 மே மாதம் பருவமழை கொட்டத் தொடங்கியது. மழையோடு காலராவும் வந்தது.

இங்கேதான் போர்க் கைதிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. கைதிகளும் அடிபட்டார்கள், பட்டினி கிடந்தார்கள். ஆனாலும் அவர்கள் ஒரு படை. அவர்களோடு இராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கழிவுக்குத் தனிக் குழி வெட்டு, நோயாளியைத் தனியே வை என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். யார் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று இரகசியமாகக் குறிப்பு எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள்.

நம் ஆட்களுக்கு டாக்டர் இல்லை. தலைவன் இல்லை. அத்தாப்புக் கூரை ஒழுகும் கொட்டகையில் செத்தவரும் சாகப்போகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். காலராவைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில், போர்க் கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைப் பிரித்து 'கே' படை, 'எல்' படை என்ற பெயரில் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பல முகாம்கள் பாதி காலியாகிவிட்டன.

மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறத்தாழ 78,000 பேர் என்பது போருக்குப் பிந்திய கணக்கு. அவர்களில் பெரும்பான்மையோர் தமிழர். இறந்ததாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 30,000. தப்பியோடியவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் காட்டிலேயே மடிந்தார்களோ, அந்தக் கணக்கு தனி. பர்மியர், ஜாவானியர், சீனர், மலாய்க்காரர், தாய்லாந்து மக்கள் என்று எல்லாரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு லட்சத்தை எட்டும் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு.

ஏன் இப்படிச் செய்தார்கள்? வெறும் கொடூரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கொடூரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. இயந்திரம் கொண்டுவரக் கப்பல் வேண்டும், கப்பல் இல்லை. மருந்து கொண்டுவர லோரி வேண்டும், காட்டில் சாலை இல்லை. ஆள் மட்டும் கிடைத்தான். ஒருவன் விழுந்தால் இன்னொருவனைக் கொண்டுவரலாம். ஆணி, கட்டை, தண்டவாளம் என்ற பட்டியலில் மனிதனும் ஒரு சாமான் ஆனான். பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக எடுத்து வருவது மலிவு என்று முடிவு கட்டப்பட்ட சாமான்.

ரயில் ஓடியது, சோறு சேர்ந்ததா?

1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு முனைகளும் கொன்கொய்தாவில் சந்தித்தன. 25ஆம் தேதி திறப்பு விழா. நாளொன்றுக்கு 3,000 டன் கொண்டுசெல்வது என்பது ஆரம்பத் திட்டம். அவசரத்தில் அதை 1,000 டன்னாகக் குறைத்தார்கள். மழையில் கரை சரிந்தது, பச்சை மரத்தில் கட்டிய பாலங்கள் ஆட்டம் கண்டன, நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசின. குறைத்த அளவைக்கூட எட்ட முடியவில்லை.

1944 மார்ச்சில் ஜப்பானிய 15ஆவது சேனையின் மூன்று டிவிஷன்கள் இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கிப் புறப்பட்டன. கையில் சுமார் மூன்று வாரத்துக்கான உணவு. மீதியை பிரிட்டிஷாரின் கிடங்குகளில் பிடித்துக்கொள்ளலாம் என்பது தளபதி முத்தாகுச்சியின் எண்ணம். மலாயாவில் பலித்த 'சர்ச்சில் ரேஷன்' மனக்கணக்குதான் இது. கூடவே ஓட்டிப்போன மாடுகள் ஆற்றிலும் மலையிலும் செத்தன. இம்பால் விழவில்லை, கிடங்கு கிடைக்கவில்லை. ஜூலையில் பின்வாங்கியபோது பாதையெங்கும் பசியாலும் நோயாலும் செத்த சிப்பாய்கள். இறந்த சுமார் 30,000 பேரில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களைவிட வயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்களே அதிகம்.

நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜியின் அழைப்பைக் கேட்டு, பேராக் தோட்டங்களிலிருந்தும் இளைஞர்களும் பெண்களும் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, பிற்காலத்தில் ஆசிரியராகவும் பெண்ணுரிமைத் தலைவியாகவும் புகழ்பெற்ற ராசம்மா பூபாலன், போர்க்காலத்தில் ஈப்போவில் வாழ்ந்தவர். அந்தப் பெண்கள் பர்மாவுக்குப் பயணம் செய்தது இந்தச் சயாம் பாதை வழியாகத்தான். ஒரே தோட்டத்தில் அண்ணன் தண்டவாளம் போடப் போய்ச் செத்திருப்பான், தங்கை அதே தண்டவாளத்தின் மேல் விடுதலைக்காகப் பயணம் செய்திருப்பாள். இப்படி ஒரு முரண்பாட்டை எந்தக் கதாசிரியனும் கற்பனை செய்யத் துணியமாட்டான்.

ஆனால் அந்த இராணுவத்துக்குச் சொந்த வழங்கல் அமைப்பு இல்லை. லோரியும் அரிசியும் மருந்தும் ஜப்பானியரிடமிருந்தே வர வேண்டும். ஜப்பானியருக்கே இல்லாதபோது இவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஷா நவாஸ் கானின் படையணி சின் மலைப்பகுதியில் அரிசி மூட்டையைத் தன் முதுகிலேயே சுமந்து ஏறியது. வீரத்தில் குறையில்லை. வீரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியது இல்லாமல் போயிற்று.

எதிர்த்தரப்பில் ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது சேனை வேறு பாடம் கற்றிருந்தது. வழங்கலும் மலேரியாத் தடுப்பும் சண்டைக்குச் சமமான வேலைகள் என்று ஸ்லிம் முடிவு செய்தார். சாலை அடைபட்டபோது விமானத்திலிருந்து உணவு இறங்கியது. அங்கேயும் சாலை போட்டவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இந்தியத் தேயிலைச் சங்கம் அஸ்ஸாம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை இம்பால் சாலை வேலைக்கு அனுப்பியது. அவர்களும் அவதிப்பட்டார்கள். இந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தான், அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தான். இரு சேனைகளின் சுமையும் தோட்டத்தானின் தோளில்தான் ஏறியது.

மறுபடியும் அரிசி

1945இல் போர் முடிந்தது. உயிரோடு எஞ்சியவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். பலர் ஊர் சேர்வதற்கே 1946 ஆகிவிட்டது. வீட்டில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சிலருக்கு லயமே இல்லை.

மூச்சு விடுவதற்குள் இன்னொரு போர். 1948 ஜூன் 16ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் படைக்கு அரிசியும் மருந்தும் வெளியிலிருந்துதான் போக வேண்டும். அதைக் கொண்டுசேர்க்க 'மின் யுவேன்' என்ற மக்கள் அமைப்பு இருந்தது. அரசாங்கம் அந்த வழியையே அடைத்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி சீனக் குடியேற்றவாசிகள் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் ஒரே இடத்தில் வேலிக்குள் கொண்டுவரப்பட்டன.

பால்மரம் சீவப் போகிறவர்களை வாசலில் சோதனை போட்டார்கள். மதியச் சோறு கொண்டுபோகக் கூடாது. கடையில் டின் வாங்கினால், காட்டுக்குள் சேர்த்துவைக்க முடியாதபடி கடைக்காரரே துளை போட்டுத் தர வேண்டும். சில பகுதிகளில் அரிசியை வீட்டுக்குத் தராமல், பொதுச் சமையலறையில் சோறாக்கியே கொடுத்தார்கள். சோறு சீக்கிரம் கெட்டுவிடும், அரிசி கெடாது என்பதுதான் காரணம். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு படைக்குச் சோறு சேர்ப்பதற்காகத் துன்பப்பட்டவன், அவசரகாலத்தில் இன்னொரு படைக்குச் சோறு சேராமல் இருப்பதற்காகத் துன்பப்பட்டான். 1960 ஜூலை 31 வரை இது நீடித்தது.

யார் கணக்கில் இவர்கள்?

தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போனால் மலாயாப் போரில் மாண்ட வீரர்களை, இந்திய வீரர்கள் உட்பட, நினைவில் வைத்திருப்பதைப் பார்க்கலாம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, சுத்தமாக, பெயர்ப் பலகையோடு இருக்கின்றன. அது நியாயம்தான். அவர்களுக்கு அந்த மரியாதை சேர வேண்டும்.

ஆசியத் தொழிலாளர்களுக்கு? அதே காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரத்தில், அடையாளம் தெரியாதவர்களின் எலும்புகளை வைத்து எழுப்பிய நினைவுத் தூபி உண்டு. வரிசைக் கல்லறை இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ப் பலகை இல்லை. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் போர்க்கால இழப்புக்காக 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பில் இரண்டு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. கப்பல் இல்லாத குறைக்காகச் செத்தவர்களுக்கு ஈடாகக் கப்பல். தோட்ட லயத்தில் காத்திருந்த விதவையின் கைக்கு அதிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை.

எழுத்தாளர்கள் தங்களால் இயன்றதைச் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இந்தத் துயரத்தைத் தமிழில் பதிவு செய்தன. பள்ளிப் பாடமும் போர் வரலாறும் அவ்வளவு தூரம் வரவில்லை. இராணுவ வரலாற்று நூலில் 5ஆவது ரெஜிமெண்ட் இருக்கும், 9ஆவது ரெஜிமெண்ட் இருக்கும். மண் சுமந்தவர்கள் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள்.

இன்று ஈப்போவைச் சுற்றியிருந்த பல ரப்பர்த் தோட்டங்கள் தோட்டங்களாக இல்லை. செம்பனை வந்துவிட்டது, வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, தொழிற்பேட்டை வந்துவிட்டது. லயம் இடிந்தபோது ஆபீஸ் அறையில் இருந்த பழைய செக்ரோல் புத்தகங்களும் பல இடங்களில் குப்பைக்குப் போயின. அந்தப் புத்தகங்களில்தான் பெயர்கள் இருந்தன. 1943இல் எந்தப் பக்கத்தில் எந்தப் பெயருக்கு எதிரே வருகைக் குறி நின்றுபோனது என்பது இருந்தது.

இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது. போய்த் திரும்பியவர்கள் மறைந்துகொண்டே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்னதைக் கேட்ட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், யார் போனார், யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்ற நான்கு கேள்விகள் போதும். ஒவ்வொரு குடும்பமும் அதை ஒரு தாளில் எழுதி, கோயில் நிர்வாகத்திடமோ தமிழ்ப் பள்ளியிடமோ கொடுத்து வைக்கலாம். ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய தோட்டத்தின் பட்டியலை உருவாக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒரு காலத்தில் நம் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொண்டுபோனார்கள். இப்போது அந்தப் பட்டியலை நாமே எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஈப்போ ரயில் நிலையத்தில் நின்று படம் எடுக்கும்போது, வடக்கே போகும் அந்தத் தண்டவாளத்தையும் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டுங்கள். உன் பாட்டனுக்கு அண்ணன் இந்த வழியாகத்தான் போனார் என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்தால், பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.